காபன் பிரஷ் வாங்கப் போனவள்

என் அப்பாவிடம் ஒரு ஜெனரேட்டர் இருந்தது. பூனாகலைப் பக்கத்துத் தோட்டங்களில் மாதா திருவிழாவோ கல்யாணமோ, கரண்ட் போனால் அவரைத்தான் தேடி வருவார்கள். ஊருக்கெல்லாம் வெளிச்சம் கொடுத்த அந்த ஜெனரேட்டர் என் நிம்மதியைக் கெடுத்தது. காரணம், அதற்குள் கிடந்த காபன் பிரஷ். பிரஷ் என்று பேர்தானே தவிர, சுற்றுகிற வளையத்தை உரசிக்கொண்டே இருக்கும் சின்னக் கரிக்கட்டிதான் அது.

மாதத்தில் ஒரு ஞாயிறு, மாதா கோயில் பூசை முடிந்ததும், அதை வாங்க அப்பா மோட்டார் சைக்கிளில் பதுளைக்குப் போவார். பின்னால் ஒருவருக்குத்தான் இடம். அந்த இடம் எப்போதும் அத்தை மகளுக்கு. அத்தை குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனதிலிருந்து அவள் தோட்டத்து லய வரிசையில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில்தான் இருந்தாள். என் பாயில் பாதி அவளுக்குப் போனது. அம்மா முதலில் அவளுக்குத்தான் சடை பின்னினாள். அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். பெற்ற மகள் நான் வாசலில் நிற்க, அவள் என் அப்பாவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு போவதைப் பார்த்தால்தான் வயிறு எரியும்.

திரும்பி வரும்போது அவள் விரலெல்லாம் கரியாக இருக்கும். கண்ணும் சிவந்திருக்கும். மோட்டார் சைக்கிள் காற்றில் சிவந்த கண் என்று அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டேன். போதாததற்கு எனக்குப் பாடம் வேறு நடத்துவாள்.

"கெட்டியான பிரஷ் வாங்கக் கூடாது. அது வளையத்தக் கீறிரும். தாள்ல கோடு போட்டுப் பாக்கணும், பென்சில் மாதிரி எறங்கணும்."

ஒரு ஞாயிறு என்னால் முடியவில்லை. மோட்டார் சைக்கிளுக்கு முன்னால் மண்ணில் புரண்டு அழுதேன். லயமே கூடி வேடிக்கை பார்த்தது. அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். அத்தை மகள் காலிலிருந்த புதுச் செருப்பைக் கழற்றி என் பக்கம் தள்ளினாள்.

"அவளே வரட்டும் மாமா. நான் அடுத்த மாசம் வாறேன்."

அப்பா அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். அதற்குள் நான் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

வழியிலிருந்த பண்டாரவளையில் அத்தனை கடைகள் இருந்தும் எதிலும் நிற்காமல் பதுளைக்குப் போனோம். எல்லாரும் நானா என்று கூப்பிடும் கடைக்காரர், பிரஷ் கிடந்த ஒரு பிஸ்கட் டின்னைக் கவிழ்த்து, "தேடி எடுங்க மகள்," என்றார். பழைய பிரஷ்ஷோடு அகலம் பார்த்தேன், ஸ்பிரிங்கை அமுக்கிப் பார்த்தேன், தாளில் கோடு கோடாக இழுத்தேன். அப்பா ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கடை போன் அடித்ததும் நானா எடுத்துக் கொடுக்க, முதுகைக் காட்டிக்கொண்டு பேசினார்.

"இன்னைக்கி அவ வரலம்மா... நல்லாத்தான் இருக்கா. அழாத."

இவ்வளவு தூரம் வந்தும் அவள் பேச்சுதானா என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

அந்தப் பக்கம் பேசியது குவைத்திலிருந்த அத்தை. வேலை செய்த வீட்டில் மாதம் ஒருமுறை அந்த நேரத்தில் மட்டும் போனைத் தொட விடுவார்களாம். விஷயம் தெரிந்தால் அத்தையின் புருஷன் குடித்துவிட்டுக் கடை வாசலில் வந்து நின்று ரகளை பண்ணுவார். என் வாயிலோ எதுவும் தங்காது. அதனால்தான் ஊருக்கும் எனக்கும் சேர்த்துக் காபன் பிரஷ் கதை. ஒரு சோடி பிரஷ் மாதத்தில் தேய்ந்துவிடாது என்பதும், பெரியவளானபின் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அன்று சாயந்தரம் அத்தை மகள் ரோட்டு முனையிலேயே நின்றாள். கரி படிந்த என் விரல்களை அவள் மூக்குக்கு நேராக நீட்டினேன். அவள் அதைப் பார்க்கவில்லை.

"போன் வந்துச்சா?"

"வந்துச்சு. அப்பாதான் பேசினாங்க."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு விசும்பி விசும்பி அழுதாள். என் விரலைப் பார்த்துத்தான் பொறாமையில் அழுகிறாள் என்று நினைத்தேன். அவள் நன்றாகப் பார்க்கட்டும் என்று அன்று ராத்திரி கை கழுவாமல், கரண்டியால் சாப்பிட்டேன்.