அமாவாசைக்கு மட்டும் அப்டேட்

இசக்கிசெல்வி அக்கா கணினிப் பெட்டியின் முதுகில் உள்ளங்கையை வைத்துக் காய்ச்சல் பார்ப்பாள். "இன்னைக்கு நல்லாத்தான் இருக்கு" என்று அதனிடமே சொல்லிவிட்டு, பிறகுதான் வெளியே நிற்கும் டிராக்டரைப் பார்த்துக் கையை ஆட்டுவாள்: "ஏறி வாங்க அண்ணாச்சி. டயர்ல ஒட்டியிருக்க கரிசலச் சுரண்டிட்டு ஏறுங்க. மண்ணுக்கும் சேத்தா எடை போடச் சொல்லுதீய?"

நாகலாபுரம் போகிற சாலையோரம் இருக்கும் எடைமேடை அது. லாரி ஏறுகிற இரும்புப் பலகை, கண்ணாடி சன்னல் வைத்த ஓர் அறை, அறைக்கு மேலே சிவப்பு எண்கள் ஓடும் பலகை. அந்தச் சிவப்பு எண் ஒரு கேபிள் வழியாகக் கணினிக்குள் வரும். கணினி சீட்டு அடிக்கும். மக்காச்சோளமோ மிளகாய் வற்றலோ, எங்கள் பக்கத்து வெள்ளாமை வியாபாரியிடம் போவதற்கு முன்னால் அக்காவின் சீட்டைத்தான் வாங்கிக்கொண்டு போகும்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன் ஆறு வருஷம் புதியம்புத்தூரில் சட்டைக்குக் காஜா எடுத்தவள். அங்கே பட்டனையும் ஓட்டையையும் ஒத்துப் பார்த்த கண், இங்கே சிவப்பு எண்ணையும் கணினி எண்ணையும் ஒத்துப் பார்க்கிறது. இந்த வட்டாரத்து டிராக்டர்களின் வெறும் எடை அத்தனையும் மனப்பாடம். ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது குறைவு. "என்ன மூவாயிரத்து அறுநூத்தி இருபது, ரெண்டு நாளா ஆளக் காணோம்?" என்பாள். மூவாயிரத்து அறுநூற்று இருபதும் பல்லைக் காட்டிக்கொண்டே இறங்கி வரும்.

மூன்று வருஷத்துக்கு முந்தி, பதினொரு டிராக்டர் வரிசையில் நிற்கும்போது கணினி தானாகவே அப்டேட்டுக்குப் போய்விட்டது. நீலத் திரை. அணைக்காதே என்று எழுத்து. முதலாளி பரமசிவன் அண்ணாச்சிக்குப் பொறுமை கிடையாது. படுத்த மாட்டை வாலை முறுக்கி எழுப்புகிறவர். "அறுவது பர்சென்ட்லயே நின்னுக்கிட்டிருக்கு" என்று சுவிட்சை அணைத்துப் போட்டார். மாடு இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை.

"இனிமே இந்தப் பொட்டிக்குப் புதுசா ஒரு மண்ணும் ஏத்தக்கூடாது" என்றார் முதலாளி.

அக்கா விடவில்லை. அப்டேட்டே போடாத வேறோர் எடைமேடையில் வைரஸ் புகுந்து, ஒரு வருஷத்துச் சீட்டுக் கணக்கு மொத்தத்தையும் பூட்டிப் போட்ட கதை அவளுக்குத் தெரியும். "கோமாரி ஊசி போட்டா மாடு ரெண்டு நாள் பால் கொறையும். அதுக்காவ ஊசி போடாம இருப்பீயளா அண்ணாச்சி? எப்பம் போடணும்னு நாமதான பாத்துக்கிடணும்?"

பார்த்துக்கொண்டாள். அப்டேட்டை ஐந்து வாரம் வரை தள்ளிப்போட அந்தக் கணினியில் வழி உண்டு. அமாவாசைக்கு அமாவாசை நாலு வாரமும் சொச்சமும். அமாவாசையன்று எங்கள் பக்கம் ஏர் பூட்டுவதில்லை. டிராக்டர் வந்தும் அந்தப் பழக்கம் போகவில்லை, களத்தை விட்டு ஒரு மூட்டை கிளம்பாது. மேடை காலியாகக் கிடக்கும் அந்த நாளில்தான் கணினிக்கு அப்டேட். காலண்டரில் கறுப்பு வட்டத்துக்குப் பக்கத்தில் பேனாவால் ஒரு பெட்டி வரைந்து வைத்திருப்பாள்.

ஒருநாள் அவள் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில், மேடையில் எடுபிடியாக இருக்கும் நான் அதே நீலத் திரையின் படத்தைக் கணினி முழுக்க விரித்து வைத்தேன். அலறுவாள் என்று கதவுக்குப் பின்னால் காத்திருந்தேன். அவள் வந்தாள், பார்த்தாள், பெட்டியின் முதுகைத் தொட்டாள். "ஏலே, வெளிய வா. நெசமான அப்டேட்டுன்னா இது மூச்சு வாங்கும். இது சும்மா உக்காந்திருக்கு, ஒன்னைய மாதிரி."

போன மாசி அமாவாசையில்தான் அவளுக்கே மூச்சு வாங்கியது. அப்டேட் அப்போதுதான் முடிந்திருந்தது. விளாத்திகுளம் பக்கம் மானம் கறுத்துக்கொண்டு வந்ததால், அமாவாசை என்றும் பாராமல் சிவனாண்டி மாமா களத்துச் சோளத்தை அள்ளிப் போட்டுக்கொண்டு வந்து மேடையில் ஏறிவிட்டார். மேலே சிவப்பில் ஆறாயிரத்து எண்ணூற்று நாற்பது. கணினியில் ஐயாயிரத்துச் சொச்சம். முந்தின நாள் கடைசி லோடின் எடையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்கிறது. புதிய அப்டேட்டுக்குக் கேபிளை அடையாளம் தெரியவில்லை.

முதலாளிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"செவப்புல தெரியுதுல்லா? அதப் பாத்துக் கையால அடிச்சு விடுட்டி."

"கம்ப்யூட்டர் எடைன்னு சீட்டுல போட்டிருக்கு அண்ணாச்சி. இன்னைக்கு நான் நெசத்த அடிப்பேன். நாளைக்கு நான் எத அடிச்சேன்னு யாருக்குத் தெரியும்?"

"அப்பம் கேட்டுக்க. இன்னைக்கு இது சரியாவலைன்னா, கோவில்பட்டில இருந்து ஆளக் கூட்டியாந்து அப்டேட்ட ஒரேயடியா நிப்பாட்டிருவேன். அதுக்கப்பறம் நீ அதுல கையே வைக்கக் கூடாது."

சன்னலுக்கு வெளியே சிவனாண்டி மாமா: "ஏத்தா, நீ பொட்டிக்குச் சடங்கு சுத்திக்கிட்டு இரு. எஞ் சோளம் வண்டியிலயே மொளைக்கட்டும்!"

"படுதாவ இழுத்து மூடுங்க மாமா. இருவது நிமிசம்."

அன்று கணினியில் ஏறிய அப்டேட் மூன்று. ஒவ்வொன்றாக வாசித்தாள். கேபிளில் கை வைத்தது எது என்று கண்டுபிடித்து அதை மட்டும் கழற்றினாள். மற்ற இரண்டையும் தொடவில்லை. கணினி அணைந்து எழ ஆரம்பித்தது. சதவீதம் ஊர்ந்தது. வெளியே கரிசலில் பெரிய பெரிய துளியாக நாலைந்து விழுந்தது. மாமா மானத்தைத் திட்டினார், பிறகு அக்காவைத் திட்டினார். அவள் நகம் கடிக்கவும் இல்லை, சுவிட்சுப் பக்கம் போகவும் இல்லை.

திரை வந்தது. ஆறாயிரத்து எண்ணூற்று நாற்பது. மேலேயும் அதே.

நான் கை தட்டப் போனேன். "பொறுலே" என்றாள். வண்டியைக் கீழே இறக்கச் சொன்னாள். இரண்டு இடத்திலும் பூஜ்யம். மறுபடி ஏற்றச் சொன்னாள். மாமாவின் வாயிலிருந்து வந்ததை இங்கே எழுத முடியாது. ஆனாலும் ஏறினார். மறுபடியும் அதே எண், இரண்டு இடத்திலும்.

போனில் இருந்த முதலாளி, "அடுத்த அமாவாசை என்ன கெழமை?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்தார். இந்த வட்டாரத்தில் எத்தனையோ படித்தவர்கள் இருக்கிறார்கள். அவள் கேட்ட இருபதில் பதினெட்டே நிமிஷம்; அத்தனையும் அங்கே நின்று பார்த்தவன் நான். எங்கள் அக்கா மாதிரி ஒருத்தரைக் காட்டட்டும்.

சீட்டு வந்தது. சிவனாண்டி மாமா வாங்கி, பார்க்காமலே நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டார். "நீ குடுத்தா சரியாத்தாம்த்தா இருக்கும். வாரேன்" என்று வண்டியைக் கிளப்பினார்.

வண்டி மேடையை விட்டு நகர்வதற்குள் அக்கா அறையை விட்டு வெளியே ஓடினாள். மேடையில் தன் எடை விழாமல் ஓரத்தில் நின்று, அவரைக் குனியச் சொல்லிப் பையிலிருந்து சீட்டை உருவி, பிரித்து, சிவப்பு எண்ணுக்கு நேராக அவர் கண்முன்னே தூக்கிப் பிடித்தாள். இன்ஜின் உறுமிக்கொண்டிருக்க, அவர் மேலும் கீழும் பார்த்து எண்ணை வாய்விட்டுப் படித்து முடிக்கும்வரை அந்தக் கையை இறக்கவில்லை.