நாலு தட்டு

பேய்க் கதை பேசற இடத்துல நான் உட்கார மாட்டேன். எழுந்து போயிடுவேன். பயம் இல்ல, பொழுது போகாதவங்க பேச்சுன்னு நினைப்பேன். எங்கப்பா செத்த புதுசுல வீட்ல எல்லாரும் கனவுல வந்தாரு, கூப்பிட்டாருன்னு சொன்னாங்க. எனக்கு வரல. படிச்சது எட்டாவது. கையால தொட்டுப் பாக்காம எதையும் ஒத்துக்க மாட்டேன். என் தொழில் அப்படி.

நீங்களும் ஒத்துக்க வேணாம். நடந்தத மட்டும் சொல்றேன்.

அடுகோடில மெயின் ரோட்டுக்குப் பின்னாடி எங்க ஷெட்டு. நானும் நயாஸும் பதினஞ்சு வருஷமா அங்க இருக்கோம். கார் சீட்டு, தரை மேட்டு, கூரைத் துணி வேலை. மழைக்காலத்துல முக்காவாசி ஒழுக்கு வேலைதான். இந்த ஊர் மழை தெரியுமே, மூணு மணிக்கு வெயில் அடிக்கும், நாலு மணிக்கு ரோடு ஏரி மாதிரி நிக்கும். வண்டிக்குள்ள தண்ணி, நாத்தம், பெல்ட்ல பூஞ்சைன்னு கொண்டாந்து விடுவாங்க.

ஒழுக்க கண்டுபிடிக்கறது லேசு இல்ல. தண்ணி நிக்கிற இடம் ஒண்ணு, நுழையற இடம் வேற. அதுக்கு ரெண்டு ஆள் வேணும். நயாஸ் ஒல்லி. அவன் டார்ச்ச எடுத்துக்கிட்டு உள்ள படுத்துக்குவான். கதவு, கண்ணாடி எல்லாம் மூடிடுவோம். நான் வெளிய பைப்ப பிடிச்சு ஒவ்வொரு இடமா தண்ணி விடுவேன். அந்தச் சத்தத்துல பேசினா கேக்காது. அதனால அவன் விரல் முட்டியால கண்ணாடிய தட்டுவான். ஒரு தட்டுன்னா நிறுத்து. ரெண்டுன்னா தள்ளிப் போ. மூணுன்னா இங்கதான். எங்க பாஷை அவ்ளோதான். என் கை அதுக்குப் பழகிப்போச்சு. தட்டு கேட்டா யோசிக்காமலே நகரும்.

அந்த வண்டி காயத்ரின்னு ஒரு மேடத்தோடது. திருச்சிப் பக்கம். இங்க ஐடில வேலை. செகண்ட் ஹேண்டுல வாங்கி ஆறு மாசம் ஆயிருந்துச்சு. பின் சீட்டுல இடது பக்கம் அவங்க பாப்பாவுக்கு சின்ன சீட்டு கட்டியிருந்தாங்க. சரியா அதுக்குக் கீழதான் தண்ணி.

முதல் தடவ வந்தப்ப கதவு ரப்பர் மாத்தினேன். ரெண்டாவது தடவ பின் லைட்டுக்குப் புது வாஷர் போட்டேன். ரெண்டு தடவையும் "சரியாச்சு மேடம்"னு நானே சொல்லி அனுப்பினேன். மூணாவது தடவ வந்து நின்னாங்க.

"அண்ணா, நீங்க வண்டிய சரி பண்றீங்களா, இல்ல எனக்கு ஆறுதல் சொல்றீங்களா?"

சிரிச்சுக்கிட்டேதான் கேட்டாங்க. எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு.

கூடவே இன்னொண்ணும் சொன்னாங்க. இடது பின் கதவு லாக் தானா விழுதாம். முந்தின நாள் பாப்பா உள்ள, இவங்க வெளிய, கதவு திறக்கல. முன் கதவு வழியா ஏறி, சீட்டுக்கு நடுவுல புகுந்து பாப்பாவ எடுத்தாங்களாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அது கரன்ட் வேலை மேடம், எலக்ட்ரீசியன்கிட்ட காட்டுங்க. நம்மது தண்ணி மட்டும்தான்." இப்ப நினைச்சாலும் வெக்கமா இருக்கு.

மறுநாள் காலைல அவங்க ஊருக்குப் போறதா இருந்துச்சு. அவங்களும் பாப்பாவும் மட்டும். அங்கயும் மழைன்னு சொன்னாங்க. சாயங்காலம் வண்டி வேணும்னாங்க. இந்தத் தடவ தப்பு பண்ணக் கூடாதுன்னு முடிவு பண்ணியிருந்தேன்.

வெள்ளிக்கிழமை அது. பன்னெண்டரைக்கு நயாஸ் தொப்பிய எடுத்துக்கிட்டு தொழுகைக்குக் கிளம்பினான்.

"நான் வந்து படுத்துக்கறேன், தனபாலு. அது வரைக்கும் கை வெக்காத."

"நீ பிரியாணி துன்னுட்டு மூணு மணிக்கு வருவ."

"நக்கோ ரே, அதெல்லாம் வேணாம், நேரா வந்துடறேன்."

"போன வாரமும் இதேதான் சொன்ன."

போயிட்டான். மேலே பாத்தேன். மேகம் கறுத்துக்கிட்டு வந்துச்சு. மழை வந்துட்டா வண்டி மொத்தமா நனைஞ்சிடும், எந்த வழியா நுழையுதுன்னு பாக்க முடியாது. காத்திருக்க மனசு வரல. தனி ஆளா பண்ற முறை ஒண்ணு இருக்கு. தரை பூரா பேப்பர் விரிச்சு, தண்ணி விட்டு, எங்க நனையுதுன்னு பாக்கணும். சரின்னு ஆரம்பிச்சேன்.

முதல்ல பேட்டரி வயர கழட்டினேன். தண்ணி விடறதுக்கு முன்ன அத கழட்டாம நான் பைப்ப தொடமாட்டேன். வயர வெளிய தொங்க விட்டேன். டார்ச்ச பானட் மேல வெச்சேன். பேப்பர் விரிச்சு கதவெல்லாம் சாத்தினேன்.

முன் கண்ணாடில விட்டேன். அப்புறம் முன் கதவு. அப்புறம் இடது பின் கதவு மேல விட்டப்ப ரெண்டு தட்டு கேட்டுச்சு. தள்ளிப் போனேன். பின் லைட்டுகிட்ட விட்டேன். மறுபடி ரெண்டு. மேல ஏத்தினேன். டிக்கி கதவு ஓரம் போனேன், ரெண்டு. கூரைக்குப் போனேன், கூரை ஓரத்துல ஒரு ரப்பர் பட்டி ஓடும் பாருங்க அது மேலயே மெதுவா விட்டுக்கிட்டே போனேன், ஒரு தட்டு கேட்டுச்சு, நிறுத்தினேன், கொஞ்சம் பின்னாடி வந்து மறுபடி விட்டேன், மூணு.

"அங்கயே டார்ச்ச பிடி, நயாஸ்"னு கத்தினேன்.

கத்திட்டுப் போய் குழாய மூடினேன். திரும்பி வந்தா பானட் மேல டார்ச் இருக்கு.

அப்பதான் மண்டைல ஏறுச்சு. பள்ளிவாசல் மைக்குல இன்னும் பேச்சு ஓடிக்கிட்டு இருக்கு. தொழுகையே ஆரம்பிக்கல.

நடு மதியம். ரோட்டுல ஆட்டோ போகுது. பக்கத்து வெல்டிங் கடைல வேலை நடக்குது. நான் அந்த வண்டி பக்கத்துல கட்ட மாதிரி நிக்கிறேன். 

கண்ணாடிய பாத்தேன். ஆள் உள்ள உட்கார்ந்து கதவ சாத்தினா மூச்சுக்குக் கண்ணாடி பனி பூக்கும். ஈரத்துக்கும் பூக்கும், எனக்குத் தெரியாதது இல்ல. ஆனா ஈரம்னா எல்லாக் கண்ணாடியும் பூக்கணும். இங்க இடது பின் கண்ணாடி மட்டும்தான் வெள்ளையா இருந்துச்சு. மத்ததெல்லாம் தெளிவு.

கதவ திறந்தேன். யாரும் இல்ல. பேப்பர் எல்லாம் காஞ்சிருக்கு. பின் மூலைல மட்டும் நூல் மாதிரி ஒரு ஈரம் இறங்கியிருந்துச்சு. மூணு தட்டு எங்க கேட்டுச்சோ அதுக்கு நேர் கீழ.

கூரைப் பட்டிய உரிச்சேன். அடில மயிர் அளவு வெடிப்பு. ரெண்டு தடவையும் நான் அங்க பாக்கவே இல்ல. அது வழியா தண்ணி இறங்கி, கூரையத் தாங்கற தூணுக்குள்ள ஓடி, பின் கதவுக்குப் போற வயர் மேல சொட்டியிருக்கு. வயர் முனை பச்சை பூத்து நாசம். லாக் தானா விழுந்ததுக்குக் காரணம் அதுதான். பாப்பா உள்ள மாட்டினதுக்கும் அதுதான். எலக்ட்ரீசியன்கிட்ட போங்கன்னு நான் சொன்னேன் பாருங்க.

ஈரம் எது வரைக்கும்னு பாக்க, பாப்பா சீட்ட கழட்டிட்டு, இடது பின் சீட்டு பெல்ட்ட கடைசி வரைக்கும் இழுத்தேன். சேத்துக் கறை ஒரு கோடா இருந்துச்சு. மழை ஒழுக்குக்கு அப்படிக் கோடு விழாது. வண்டி முங்கினா மட்டும் விழும். சீட்டு போல்ட்டு இடுக்குலயும் மண்ணு. அங்க உட்கார்ந்து பெல்ட்ட என் மேல வெச்சுப் பாத்தேன். கோடு கழுத்துகிட்ட வந்துச்சு. உடனே விட்டுட்டு இறங்கிட்டேன். அதுக்கு மேல யோசிக்கல.

நயாஸ் சொன்ன மாதிரி நேராதான் வந்தான். சொன்னேன். சிரிச்சான்.

"லாக் மோட்டாருடா. ஈரத்துல டக்கு டக்குன்னு அடிச்சிருக்கும். நீ என் நினைப்பாவே இருந்திருக்க."

 முன்னாடி கைய காட்டினேன். பேட்டரி வயர் வெளிய தொங்கிக்கிட்டு இருந்துச்சு. அவன் சிரிப்பு நின்னுடுச்சு. வாய்க்குள்ள ஏதோ ஓதினான்.

அப்புறம் ரெண்டு பேரும் வேலைய ஆரம்பிச்சோம். வெடிப்புல பசை போட்டோம். வயர் முனைய வெட்டிப் புதுசு வெச்சோம். பேட்டரிய மாட்டி லாக்க பத்துப் பதினஞ்சு தடவ போட்டு எடுத்தோம், சரியா இருந்துச்சு. மறுபடி பேட்டரி வயர கழட்டினேன். கடைசியா ஒரு தடவ தண்ணி விட்டுப் பாக்கணும்.

"படு"ன்னேன்.

"நக்கோ. நீ படு."

"நீதான ஒல்லி."

"இன்னிக்குக் குண்டாயிட்டேன்."

யாரும் ஏறல. பேப்பர்தான் விரிச்சோம். கால் மணி நேரம் விடாம தண்ணி விட்டேன். ஒரு தட்டும் இல்ல. குழாய மூடி, திறந்து பாத்தா பேப்பர் மொறமொறன்னு இருக்கு. பேப்பர சுருட்டி எடுத்தேன். கதவ சாத்தினேன். ரெண்டு அடி வெச்சிருப்பேன்.

தட்டு கேட்டுச்சு. நாலு. அவசரம் இல்லாம, ஒரே அளவா.

நயாஸ் என் பக்கத்துலதான் நின்னான். அவனுக்கும் கேட்டுச்சு.

"நாலு"ன்னான்.

"ம்."

"நாலுன்னா என்னா?"

"நாலு நம்மகிட்ட இல்லியே."

ரெண்டு பேரும் அந்தக் கதவ திறக்கல. அவன் ஒரு பீடிய பத்த வெச்சான். நான் பேட்டரிய மாட்டினேன்.

கொஞ்ச நேரத்துல மேடம் ஆட்டோல வந்து இறங்கினாங்க. பாப்பா கைய பிடிச்சுக்கிட்டு. வெடிப்ப காட்டினேன். லாக்க போட்டுக் காட்டினேன். பெல்ட் கோட்டையும் காட்டினேன்.

"தண்ணில முங்கின வண்டி, மேடம்."

அவங்க முகம் விழுந்துடுச்சு. "வித்தவர் ஒரு வார்த்த சொல்லலண்ணா."

அத மட்டும் சொன்னேன். தட்டு விஷயம் சொல்லல. என்னன்னு சொல்றது? "நாளைக்கு பஸ்ல போங்களேன் மேடம்"னு மட்டும் சொன்னேன்.

"ஏன்ணா, இன்னும் ஒழுகுதா?"

"இல்ல."

"லாக்?"

"நல்லா இருக்கு."

"அப்புறம் என்ன?"

குனிஞ்சு பைப்ப சுருட்டினேன். பாப்பாவ தூக்கி இடது பக்கம் உட்கார வெச்சு பெல்ட் போட்டாங்க. கதவ சாத்தினாங்க. வண்டி போயிடுச்சு. மறுநாள் அவங்க போய்ச் சேர்ந்துட்டேன்னு சொல்ற வரைக்கும் எனக்கு சோறு இறங்கல.

அதுல இருந்து பெரிய மழை வந்தா நான் அவங்களுக்குப் போன் போடுவேன். காஞ்சிருக்கான்னு கேப்பேன். "உங்கள மாதிரி மெக்கானிக்க நான் பாத்ததே இல்லண்ணா"ம்பாங்க. ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லி வண்டி அனுப்பறாங்க. நல்ல பேரு. வாங்கிக்க எனக்குக் கூச்சமா இருக்கு.

போன மாசம் வேற ஒரு வண்டி. நயாஸ் பின்னாடி படுத்திருந்தான். அதுல குழந்தைங்க திறக்காம இருக்க ஒரு லாக் உண்டு, அது விழுந்திருந்தத நாங்க பாக்கல. அவனுக்கு மூச்சு முட்டியிருக்கு. திறந்தா திறக்கல. தட்டத் தோணாம கத்தியிருக்கான், தண்ணி சத்தத்துல எனக்குக் கேக்கல. கடைசில முன் சீட்டுக்குத் தாவி வெளிய வந்து என்னைக் கன்னாபின்னான்னு திட்டினான்.

கோவம் அடங்கினதும் சொன்னான், "கதவ திறன்னு சொல்ல ஒரு தட்டு வேணும், தனபாலு."

பதினஞ்சு வருஷமா அதுக்கு எங்ககிட்ட தட்டு இல்ல. உள்ள இருக்கறவன் வேணும்னா தானே திறந்துக்குவான், அதுக்கு எதுக்கு தட்டுன்னு விட்டிருந்தோம்.

மூணு வரைக்கும் இருக்கு. அடுத்தது நாலுதான வரணும். அந்த வண்டில கேட்ட நாலு. அவன் என்னைப் பாத்தான். நான் அவனைப் பாத்தேன்.

"அஞ்சு வெச்சுக்கலாம்"னான்.

"அஞ்சு"ன்னேன்.

அன்னிக்கு சாயங்காலம் மழை பிடிச்சுது. போன் போட்டேன். ஆபீஸ் பார்க்கிங்ல இருந்தாங்க. "காஞ்சுதான் இருக்குண்ணா"ன்னாங்க.

"இடது பின் கதவ ஒருக்கா திறங்க மேடம்."

"எதுக்குண்ணா?"

"சும்மாதான். ஈரம் இருந்தா போகட்டும்."

கதவு திறக்கற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் மழை சத்தம். நான் போன காதுல வெச்சுக்கிட்டு நின்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு அவங்க கேட்டாங்க.

"போதுமாண்ணா?"

போதுமா இல்லியான்னு எனக்கு எப்படித் தெரியும்?