டைரக்டரின் கடைசி ரீல்

நான் அப்பளம் போட்டு வைத்திருக்கும் தகர டப்பாவில் ஒரு காலத்தில் சினிமா ரீல் இருந்தது. வட்டமாக, தட்டையாக இருக்கும். மூடி இறுக்கம், அப்பளம் நமுத்துப் போகாது. அதைக் கொடுத்தவரை நான் டைரக்டர் என்றே சொல்லிப் பழகிவிட்டேன்.

மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு கடலோர ஊர்க்காரர். வாத்தியார் வேலை பார்த்துக்கொண்டே மூன்று நாவல் எழுதி, பிறகு இரண்டு படம் எடுத்தவர். இரண்டாவது படம் மேலிடத்துக்குப் பிடிக்காமல் போகவே நாட்டை விட்டுக் கிளம்பினார். நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன். கப்பல், துபாய், நியூ ஜெர்சி என்று சுற்றிவிட்டு, தொண்ணூறுகளின் நடுவில் டெக்சாஸின் இர்விங் ஊரில் ஒரு சாப்பாட்டுக்கடை அடுப்படியில் ஒதுங்கியிருந்தேன். அபார்ட்மெண்டில் பக்கத்துக் கதவு அவருடையது. அங்கே கார் இல்லாதவர்கள் நாங்கள் இருவர்தான். வெயிலில் சேர்ந்து நடந்தே சிநேகமானோம். பேச்சு அரைகுறை ஆங்கிலத்தில்தான். என்னிடம் கற்றுக்கொண்ட ஒரே தமிழ்ச் சொல்லால் என்னைத் 'தம்பி' என்பார்.

அப்போது தன் முதல் நாவலைப் படமாக்கிக்கொண்டிருந்தார். கடைசிக் காட்சி மட்டும் பாக்கி. அயல்நாட்டில் வந்து இறங்கியவன் பசியோடு கூட்டத்தில் நிற்கிறான். ஒருவரும் அவனைப் பார்ப்பதில்லை. கேமராதான் அவன் கண். மிச்சம் இருந்தது ஒரே ரீல், இன்னொன்றுக்கு வழியில்லை. கூட்டத்துக்கு எங்கள் அபார்ட்மெண்ட் தமிழ்க் குடும்பங்களைத் திரட்டினேன். "கேமராவைப் பாக்காம நடந்து போங்க, அவ்வளவுதான்" என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

ஞாயிறு காலை பார்க்கிங் லாட்டுக்கு ஆன்ட்டிகள் பட்டுப்புடவையில் வந்தார்கள். நம்மவர்களுக்குக் கேமரா என்றால் கல்யாண வீடியோதான். கிட்டே வந்ததும் ஒவ்வொருவரும் நின்று, முந்தானையைச் சரிசெய்து, சிரித்தார்கள். "ஹாய் சொல்லுடா கண்ணா" என்றார் ஒருவர் மகனிடம். "டாட், டோன்ட் லுக்!" என்று அவன் கத்தினான். கோயம்புத்தூர் ஆன்ட்டி லென்ஸுக்குள் எட்டிப்பார்த்து, "சாப்டீங்களாங்க?" என்றார். ரீல் தீர்ந்தது.

டைரக்டர் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். "போச்சா சார்?" என்றேன். "தம்பி, அந்த அம்மா என்ன கேட்டார்?" என்றார்.

"சாப்பிட்டாச்சான்னு கேட்டாங்க."

"யாரை?"

"கேமராவைத்தான்."

தோள் குலுங்கச் சிரித்தார்.

லென்ஸுக்குள் எட்டிப்பார்த்த ஆன்ட்டியின் முகத்தோடுதான் படம் முடிந்தது. ஒரு கல்லூரி அரங்கில் திரையிட்டபோது, "ஐயோ, பொட்டு கோணலா இருக்குதுங்களே!" என்று ஆன்ட்டி அலறினார். வெளியே வரும்போது அந்தக் கடைசி ரீலின் காலி டப்பாவை என் கையில் கொடுத்த டைரக்டர், "நாவலில் அவன் பட்டினியில் செத்துப்போனான், தம்பி. படத்தில் பிழைத்துக்கொண்டான்" என்றார்.

பிறகு மேலிடம் மாறியதும் அவர் ஊர் திரும்பினார். நானும் கலிபோர்னியாவில் பே ஏரியா பக்கம் நகர்ந்தேன். எத்தனையோ சாமானை வழியில் போட்டுவிட்டேன், இதை மட்டும் விடவில்லை. இன்றும் யார் கதவைத் தட்டினாலும், பெயரைக் கேட்கும் முன்பே ஆன்ட்டியின் கேள்வியைக் கேட்டுவிட்டு டப்பாவைத் திறக்கிறேன்.