உன்னிச்சைக்குப் போகவிருந்த பாலன்

பாலன் இயேசுவை இல்லாமல் செய்யப் பார்த்தவர்களில் ஏரோது மன்னனுக்கு அடுத்தபடியாக என் பெயரைத்தான் எழுத வேண்டும். அவன் அரசன், அவனிடம் படை இருந்தது. எனக்கு ஒன்பது வயது; என்னிடம் ஒரு தமிழ்க் கொப்பியும் கொஞ்சம் சோற்றுப் பசையும் இருந்தன. ஆனாலும் அவனைவிட நான்தான் வெற்றிக்குக் கிட்டப் போனேன் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

சண்டை முடிந்த வருடம் அது. கடலுக்கும் மட்டக்களப்பு வாவிக்கும் நடுவே கிடக்கும் ஒரு மணல் துண்டுதான் எங்கள் ஊர். சுனாமி அடித்துப்போன மாதா கோயிலை ஐந்து வருடம் கழித்து அப்போதுதான் கட்டி முடித்திருந்தார்கள். அதே இடம், கடலைப் பார்த்த அதே வாசல்.

சுனாமிக்குப் பிறகு வந்த நான்கு நத்தார்ப் பண்டிகைக்கும் எங்கள் ஊரில் இயேசு பிறந்த தொழுவம் போலப் பாலன் குடில் கட்டவில்லை. பூசை இருந்தது, கேக் இருந்தது. ஏதாவது ஒரு தொண்டு நிறுவனம் வாகனத்தில் வந்து நத்தார் தாத்தா ஒருவரை இறக்கிவிடும். அவர் ஆங்கிலத்தில் சிரித்துப் பென்சில் பெட்டி கொடுத்துவிட்டுப் போவார். குடில் மட்டும் இல்லை. காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்த தாய்மார் ஊரில் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்கள் கண்முன்னால் ஒரு கைக்குழந்தையைக் கொண்டுவந்து வைக்கோலில் கிடத்த யாருக்கும் மனம் வரவில்லை. என் அம்மாவும் அந்தத் தாய்மாரில் ஒருவர். தம்பிக்கு அப்போது பத்து மாதம்.

பழைய கோயிலின் பாலன் சுரூபம், குடிலில் கிடத்தும் அந்தக் குழந்தைச் சிலை, எங்கள் வீட்டில்தான் இருந்தது. தம்பியைத் தேடி வாவிக்கரைக் கண்டல் பற்றைகளுக்குள் மூன்று நாள் அலைந்த அப்பா, அவனுக்குப் பதிலாக இதைத்தான் சேற்றுக்குள்ளிருந்து எடுத்து வந்தார். இடக்காலில் ஒரு விரல் உடைந்திருந்தது. அம்மா அதைக் கழுவித் துடைத்து அலுமாரியின் மேல்தட்டில் படுக்க வைத்தார். ஐந்து வருடம் அது அங்கேயே கிடந்தது.

புதுக் கோயிலில் நத்தாரைப் பற்றிப் பேசக் கூட்டம் வைத்தபோது, அதுவரை எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்காத அம்மா எழுந்து நின்றார்.

“எங்களுக்காகக் குடில் வெக்காம விட்டது போதும் பாதர். கேக் இரிக்கு, வெடி இரிக்கு, தாத்தா வாறார். பாலன் மட்டும் இல்ல. மறுகா என்னத்துக்கு நத்தார்?”

அடுத்த ஞாயிறே ஆண்கள் கம்பு வெட்டப் போய்விட்டார்கள். குடில் எழும்பியதில் ஊருக்கெல்லாம் ஒரு உற்சாகம் வந்தது. எனக்கு மட்டும் பயம் வந்தது.

என் கணிப்பு இதுதான். எனக்கு நாலு வயதாக இருந்தபோது குடில் கட்டினார்கள், பாலனைக் கிடத்தினார்கள். அதற்கு அடுத்த நாள் காலை ஒன்பது மணி போலக் கடல் வந்தது. பிறகு நாலு வருடம் குடில் இல்லை, கடலும் வரவில்லை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? பெரியவர்களுக்கு இது தெரியாமல் இருப்பதுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எடுத்துச் சொல்லவும் வழியில்லை. எங்கள் வீட்டில் அந்த நாளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆகவே ஊரைக் காப்பாற்றும் பொறுப்பு என் ஒருத்தியின் தலையில் விழுந்தது.

முதலில் வைக்கோலில் கை வைத்தேன். நத்தாருக்கு முந்திய திருவருகைக் காலம் தொடங்கியதும், எங்களுக்கு ஞாயிறு வகுப்பு எடுக்கும் சிஸ்டர் ஒரு வழக்கம் கொண்டுவந்தார். குடிலுக்குள் இருக்கும் தீவனத் தொட்டி வெறுமையாக இருக்கும். பிள்ளைகள் ஒரு நல்ல காரியம் செய்தால் அதற்குள் ஒரு வைக்கோல் போடலாம். நத்தாருக்குள் அது மெத்தை போல் ஆகிவிட வேண்டும். “தொட்டி நிறைஞ்சாத்தான் பாலன் வருவார்” என்று அவர் எங்களை உற்சாகப்படுத்தச் சொன்னார். நான் அதைச் சட்டமாக எடுத்துக்கொண்டேன். பின்னேரங்களில் கோயில் கூட்டுகிற சாட்டில் போய், தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளி வந்து பக்கத்து வீட்டுப் பசுவுக்குப் போட்டேன். அந்தப் பசுவுக்கு அப்படியொரு நத்தார் அதற்கு முன்னும் வந்திருக்காது, பின்னும் வந்திருக்காது.

வினை என்னவென்றால், தொட்டி நிறையாததைக் கண்ட சிஸ்டர் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் நல்லது செய்வதே இல்லை என்று முடிவு கட்டினார். ஞாயிறு வகுப்பில் எல்லாருக்கும் ஏச்சு விழுந்தது. அதற்குப் பிறகு பிள்ளைகள் நல்லது செய்யப் புறப்பட்ட வேகத்தைச் சொல்லி முடியாது. ஊரிலுள்ள வயதானவர்கள் வீட்டுக்கெல்லாம் ஒரே நாளில் மூன்று தரம் தண்ணீர் வந்தது. போதும் என்று அவர்கள் கெஞ்சினாலும் விடவில்லை. பசு தின்று தீர்ப்பதைவிடக் கூடுதலாகத் தொட்டியில் வைக்கோல் விழுந்தது. என் திட்டம் தோற்றுப்போனது.

இனிப் பாலனையே ஊரைவிட்டு அனுப்ப வேண்டியதுதான் என்று முடிவெடுத்தேன்.

அதற்கு வழி காட்டியவர் மாமா. அம்மாவின் தம்பி, எங்களோடுதான் இருந்தார். அப்படியான ஒரு தொண்டு நிறுவனத்தில் வேன் ஓட்டினார். வயிறு கொஞ்சம் முன்னுக்கு இருந்ததால் அந்த வருடம் நத்தார் தாத்தா வேலையை அவர் தலையில் கட்டியிருந்தார்கள். பரிசுச் சாமான்கள் இரண்டு சாக்குகளில் எங்கள் வீட்டில்தான் இருந்தன. ஒன்று எங்கள் ஊருக்கு, மற்றது உன்னிச்சை என்ற ஊர்ப் பிள்ளைகளுக்கு. உன்னிச்சையில் கடல் இருக்கிறதா என்று மாமாவிடம் கேட்டேன்.

“அங்க குளம்தான் புள்ள. வயலும் குளமும். கடல் எங்க அங்க?”

எனக்குப் பாரம் இறங்கியது. குளம் இருந்த இடத்திலேயே இருக்கும். எழும்பி ஊருக்குள் வராது. பாலன் உன்னிச்சையில் பிறந்தால் யாருக்கும் ஆபத்தில்லை. அம்மா கோயில் கழுவப் போன ஒரு மத்தியானம் சுரூபத்தை எடுத்து, தமிழ்க் கொப்பியில் ஏழு தாள் கிழித்துச் சுற்றி, சோற்றுப் பசையால் ஒட்டி, உன்னிச்சைச் சாக்கின் அடியில் வைத்தேன். நெல் விளைகிற ஊர், வைக்கோலுக்குக் குறைவிருக்காது என்று பாலனுக்கு ஆறுதலும் சொன்னேன்.

நத்தாருக்கு முதல் நாள் காலையில், சுரூபத்தைத் துடைத்துக் கோயிலுக்குக் கொண்டுபோக அம்மா அலுமாரியைத் திறந்தார். பிறகு வீடு தலைகீழானது. அப்பா கட்டிலைப் புரட்டினார், அரிசிப் பெட்டிக்குள்ளும் கை விட்டுப் பார்த்தார். அம்மா கத்தவில்லை. வெறும் மேல்தட்டையே திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்துவிட்டு, அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. சொல்லிவிடுவோமா என்று இருந்தது. சொன்னால் பாலன் பிறந்துவிடுவார். மறுநாள் கடல் வந்து அம்மாவையும் கொண்டு போய்விடும். அம்மா ஒரு நாள் அழுதாலும் பரவாயில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். என் வாழ்நாளில் நான் செய்த மிகக் கொடிய காரியம் அதுதான். அதை அன்பினால்தான் செய்தேன்.

அன்று பின்னேரம் கோயில் வளவில் நத்தார் தாத்தா நிகழ்ச்சி. மாரி மழை சற்று ஓய்ந்து வெயில் சுட்டது. சிவப்பு உடுப்புக்குள் மாமா அவிந்துகொண்டிருந்தார். பஞ்சுத் தாடி வியர்வையில் ஒரு பக்கம் கழன்று தொங்கியது. ஒவ்வொரு பார்சலாக எடுத்துத் தலைக்கு மேலே தூக்கி, “இது ஆருக்கு?” என்று கத்துவார். பிள்ளைகள் எல்லாரும் ஒன்றாக, “எனக்கு!” என்று கத்துவார்கள். அம்மாவும் வந்திருந்தார், பாலன் காணாமல் போனதைப் பாதரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஓரமாக நின்றார்.

அயல் ஊர்ப் பிள்ளைகளும் கேள்விப்பட்டு வந்துவிட்டார்கள். முதல் சாக்கு முடிந்துவிட்டது. உன்னிச்சைக்கு வேறு வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொண்டே மாமா இரண்டாம் சாக்கை அவிழ்த்தார். பார்சல்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கடைசியாக மாமா சாக்குக்குள் தோள்வரை கையை விட்டு எதையோ பிடித்துத் தூக்கினார். ஈரத்தில் சோற்றுப் பசை விட்டுப்போய்த் தாள்கள் கழன்று விழுந்தன. அவர் அதைப் பார்க்கவில்லை.

“இது ஆருக்கு?” என்று வழக்கம்போலக் கத்தினார்.

நத்தார் தாத்தாவின் கையில், தலைக்கு மேலே, இரண்டு கைகளையும் விரித்தபடி பாலன்.

பெரியவர்கள் விறைத்துப்போனார்கள். சின்னவர்களில் பலர் பாலனைப் பிறந்ததிலிருந்து கண்டதில்லை. அவர்களுக்கு அது இன்னொரு பரிசு, அவ்வளவுதான். அத்தனை பேரும் கையை நீட்டிக்கொண்டு, “எனக்கு! எனக்கு!” என்று கத்தினார்கள். முன்னால் நின்ற ஒரு குட்டிப் பையன் அழவே தொடங்கிவிட்டான். மாமா அண்ணாந்து பார்த்தார். தொங்கிய தாடியோடு வாயும் தொங்கிப்போனது. அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ சிரித்தார்கள். இரண்டு பிள்ளைகளைக் கடலில் விட்ட ஒரு மாமிதான். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரும் கண்ணைத் துடைத்தார்கள். பாதர் இதை அடுத்த மூன்று நத்தாருக்கும் பிரசங்கத்தில் சொன்னார்.

அம்மா பிள்ளைகளை விலக்கிக்கொண்டு போய்ப் பாலனை வாங்கினார். கீழே கிடந்த தாள்களையும் பொறுக்கினார். ஆட்டைப் பற்றி நான் எழுதிய கட்டுரை, டீச்சரின் சிவப்பு மையோடு அதில் இருந்தது. அம்மாவின் கண் கூட்டத்துக்குள் என்னைத் தேடியது.

கோயிலின் பின்பக்கம் கூட்டிப்போய்க் கேட்டார். “ஏன் மகள்?”

“பாலன் பிறந்தா அடுத்த நாள் கடல் வருமே அம்மா.”

அடி விழும் என்று இருந்தேன். விழவில்லை. வராது என்றும் அம்மா சொல்லவில்லை. என் தலைமயிரை ஒதுக்கிவிட்டு, பாலனின் உடைந்த கால்விரலைக் காட்டினார்.

“கடல் வந்த அண்டைக்கு இவரும் எங்களோடதான் அள்ளுண்டு போனவர். இவர் கொண்டு வரல்ல மகள்.”

நான் நெடுநேரம் யோசித்தேன். அதில் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை. பயம் போகவில்லை, ஆனால் பாலன் மேல் இருந்த கோபம் போய்விட்டது. பல வருடங்களுக்குப் பிறகு அந்த நத்தார்ப் பூசை நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கே நடந்தது. சண்டை முடிந்துவிட்டதால் படையினர் யாரும் வீதியில் மறிக்கவில்லை. இத்தனை பாடுபட்ட நான் பாய் ஒன்றில் தூங்கிப்போனேன். பாலனைக் கிடத்தியதைப் பார்க்கவே இல்லை.

டிசம்பர் இருபத்தாறாம் திகதி, இறந்தவர்களுக்கான பூசை காலை ஆறு மணிக்கே முடிந்துவிடும். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் ஊரே தோணியேறி வாவியைக் கடந்து, கடலுக்குத் தூரமான புளியந்தீவுக்குப் போய், உறவினர் வீடுகளில் பொழுதைக் கழித்துவிட்டுப் பின்னேரம்தான் திரும்பும். நத்தாருக்கு மறுநாள் உறவு கொண்டாடுவது வேதக்காரரின் வழக்கம் என்றே நான் நம்பியிருந்தேன். அந்த வருடம் அப்பா தோணியை அவிழ்க்கப் போனபோது அம்மா மறித்தார்.

“பிறந்து ஒரு நாள் பிள்ளையத் தனிய விட்டுட்டு எங்க போற? நான் வரல்ல.”

என்னைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குத் திரும்பி, குடிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். எட்டு மணி இருக்கும். திறந்த வாசலில் கடல் தெரிந்தது. சற்று நேரத்தில் அப்பா வலையைத் தூக்கிக்கொண்டு வந்து, நிழலில் இருந்து பொத்தல் பார்க்க வேண்டும் என்றார். மாமா குடிலின் மின்குமிழ்களைச் சரிபார்க்க வந்தார். முதலில் சிரித்த அந்த மாமி செபமாலையை மறந்துவிட்டுப் போனேன் என்று வந்தார். செபமாலை அவர் கழுத்தில்தான் கிடந்தது. ஒவ்வொருவராக ஏதோ ஒரு வேலை சொல்லிக்கொண்டு வந்தார்கள். பூசையும் இல்லை, மணியும் அடிக்கவில்லை; ஒன்பது மணிக்குள் கோயில் நிறைந்துவிட்டது. அலைச் சத்தம் மட்டும் கேட்டது.

அம்மா என் ஒரு கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார். மணிக்கட்டு நோகும் அளவுக்கு இறுக்கம். நேரமென்ன என்று மாமாவைக் கேட்டார். ஒன்பதே கால். கொஞ்சம் பொறுத்துத் திரும்பவும் கேட்டார். ஒன்பதரை. பத்து மணி என்று மாமா சொன்னபோது அப்பா வலையைச் சுருட்டினார். அதில் ஒரு பொத்தலும் இல்லை. பிள்ளைகள் பக்கத்தில் யாரோ ஒரு நத்தார்ப் பாட்டை எடுத்தார்கள். எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். சுருதியும் இல்லை, தாளமும் இல்லை, அப்படிப் பாடினார்கள். பாதரின் குரல்தான் எல்லாரையும்விடப் பிசகியது. பாட்டு முடிந்ததும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் பசி வந்துவிட்டது. மிச்சக் கேக்கைத் தின்னப் பிள்ளைகள் வெளியே ஓடினார்கள்.

அம்மா என் கையை விட்டார். மணிக்கட்டைச் சுற்றி வெள்ளையாக விரல் தடம் பதிந்திருந்தது. நான் பயந்து ஓடிவிடுவேன் என்றுதான் அப்படிப் பிடித்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, நான் பயப்படவே இல்லை என்று பெருமையாகச் சொன்னேன். “ஓம் மகள்” என்றார். கடல் வந்த அன்று அம்மா ஒரு கையில் என்னையும் மறு கையில் தம்பியையும் பிடித்துக்கொண்டுதான் ஓடினார் என்பது எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும், ஒரு பிள்ளையைப் பிடிக்க எதற்கு இரண்டு கை என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.