ஜெபத்துக்கு நடுவே ஒரு மஞ்சள் கார்

என் தாய்மாமா ரேஸில் கார் ஓட்டுகிறார் என்று சொன்னால் பள்ளியில் யாரும் நம்பியதில்லை. வீட்டில் நம்பினார்கள், ஆனால் அதை ஒரு பிழைப்பாக யாரும் மதிக்கவில்லை. கல்யாணத்தின்போது பெண்ணை சர்ச்சுக்கு அழைத்துப்போகும் காரின் சாவியை அவர் கையில் கொடுத்து, "மெதுவா போ மாப்ள" என்பார்கள். அவரும் மெதுவாகத்தான் போவார். சென்னைப் பக்கம் பல வருடங்கள் ஓட்டினார். அதைப் பார்க்க எங்கள் வீட்டிலிருந்து ஒருவரும் போனதில்லை. பேப்பரிலும் ஒரு வரி வந்ததில்லை. நான்காவதாக வருகிறவர் பெயரை யார் போடுவார்கள்?

தாத்தா ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். மிஷன் பள்ளியில் மகனுக்கு ஒரு வேலை சொல்லி வைத்திருந்தார். மாமா ஒன்றே ஒன்று கேட்டார். போன மாதம் அவர் ஓட்டிய பந்தயத்தை ஞாயிற்றுக்கிழமை டிவியில் காட்டப்போகிறார்கள். அதைப் பார்த்த பிறகு தாத்தா என்ன சொன்னாலும் கேட்பதாகச் சொன்னார். தாத்தாவும் சரியென்றார்.

அந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எங்கள் வீட்டின் கூடம் நிறைந்துவிட்டது. உசிலம்பட்டியிலிருந்து பெரியம்மா குடும்பம்கூட பஸ் பிடித்து வந்திருந்தது. மாமா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, "மஞ்சள் காரு, கடைசியில நிக்கும் பாரு. அதுதான் நான்" என்றார்.

திரையில் கார்கள் வரிசைகட்டி நின்றபோது தாத்தா எழுந்தார். பரீட்சையோ பயணமோ, எங்கள் வீட்டில் ஜெபிக்காமல் எதுவும் தொடங்காது. பந்தயம் போன மாதமே முடிந்துவிட்டது என்பதெல்லாம் தாத்தாவுக்கு ஒரு பொருட்டில்லை. "எல்லாரும் கண்ணை மூடுங்க" என்றார். மாமாதான் ரிமோட்டை எடுத்து டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

தாத்தாவின் ஜெபம் சுருக்கமாக முடிந்ததாகச் சரித்திரமே கிடையாது. "ஆண்டவரே, என் மகனைக் காத்தருளும். அவன் ஏறுகிற வண்டியைக் காத்தருளும்." மாமாவின் ரேஸுக்காக அவர் வாய்விட்டு ஜெபித்தது அதுதான் முதல் தடவை. நான் ஒரு கண்ணைத் திறந்தேன். கார்கள் கிளம்பிவிட்டன. மஞ்சள் கார் வளைவுகளின் வெளி ஓரமாகவே போய், ஒவ்வொன்றாக முந்திக்கொண்டு நான்காவதாக வந்துவிட்டது. மாமாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கண்களும் திறந்திருந்தன. ஆனால் அவர் டிவியைப் பார்க்கவில்லை. தாத்தாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாரும் ஆமென் சொல்லிக் கண் திறந்தபோது கேமரா முதல் காரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கடைசிவரை அதை விடவில்லை. முடிவில் மேடையேறிய மூன்று பேரைக் காட்டினார்கள். திருப்பிப் போட்டுப் பார்க்க அப்போது வசதியும் இல்லை.

"எங்கடா இருந்த? இம்புட்டு நேரம் பாத்தும் கண்ணுல படலையே" என்றார் தாத்தா.

"பின்னாடி வந்துக்கிட்டு இருந்தேன்ப்பா."

எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள். மாமா மட்டும் விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தார். நான் அவர் காதருகே போய், "நீங்க முந்துனத நான் பாத்தேன் மாமா. தாத்தாகிட்ட ஏன் சொல்லல?" என்றேன்.

"ஜெபத்துல கண்ணைத் திறக்கக் கூடாது பாப்பா" என்று என் தலையைத் தடவினார்.

அடுத்த மாதமே பள்ளி வேன்களுக்குப் பொறுப்பாளராகச் சேர்ந்துவிட்டார். தாத்தாவின் திட்டுக்கு என்னைப் போலவே மாமாவும் பயப்படுகிறார் என்று நினைத்து, நானும் வாயைத் திறக்கவில்லை. மாமா பயந்தது தாத்தாவுக்கு அல்ல, தன் ஜெபமே மகனை மறைத்துவிட்டதென்று உடைந்துபோவாரே என்று தாத்தாவுக்காக என்பது, தாத்தா காலமான பிறகுதான் எனக்கு உறைத்தது.