பானைக்குள் ஸ்பீக்கர்

பாரிஸ் லா சப்பலில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டில், மனைவிக்குச் சொல்லாமல் சோபாவுக்குப் பின்னால் ஒரு சப்வூஃபர் பெட்டி வைத்திருந்தேன். ஒரு கிழமையாக இடம் மாற்றி, சத்தம் கூட்டிக் குறைத்துப் பார்க்கிறேன். இன்று தரை அதிர்ந்தது. குசினியில் சமைத்துக்கொண்டிருந்தவள் விளக்குமாற்றோடு வந்தாள்.

"கீழ்வீட்டுக்காரி திரும்பவும் சத்தம் போடத் தொடங்கிட்டாள்."

போன கிழமையிலிருந்து அந்த மனுசிக்கு இவள் பொஞ்சூர் என்று வணக்கம்கூடச் சொல்வதில்லை. கனத்த சத்தம் எங்கிருந்து வருகிறது என்று காதுக்குப் பிடிபடாது. அதைச் சின்ன வயதிலேயே கண்டவன் நான்.

அப்போது ஊரில் கரண்ட் இல்லை. சைக்கிள் டைனமோவில்தான் ரேடியோ பாடும். அண்ணை அம்மாவின் சோத்துப் பானையைக் களவாக எடுத்து, அதன் வாயில் ஸ்பீக்கரைக் கவிழ்த்து வைத்தான். கொட்டிலுக்குள் நான் பெடல் மிதித்தேன். பானை பூம் பூம் என்றது.

வெளியே அம்மா பானையைத் தேடினாள். காலையில் உப்புக் கேட்டு வந்த பக்கத்து வீட்டுப் பாக்கியம் மாமி மேல் சந்தேகம். வேலியடியில் காது கொடுத்தாள். பூம் பூம் மாமி வீட்டுக்குள்ளிருந்து வருவதாகவே அவளுக்குப் பட்டது.

"புது ரேடியோவும் அடிக்குது போல. எங்கடை பானைக்குக் கால் முளைச்சிட்டுதோ, அக்கா?"

"உன்ரை கரிப்பானையிலை நான் என்னத்தையடி பொங்கிறது?"

நான் மிதிப்பதை நிறுத்தவில்லை.

மறுநாள் பானை எங்கள் கொட்டிலுக்குள்ளேயே கிடைத்தது. அம்மா கழுவி உலை வைத்தாள். மாமியிடம் போய் ஒன்றும் சொல்லவில்லை. மாமி பிறகு எங்கள் கிணற்றடிக்கு வரவேயில்லை.

மனைவி தரையில் குத்த விளக்குமாற்றை ஓங்கினாள்.

"பொறும். அது எங்கடை பெட்டி."

"அப்ப போன கிழமை?"

"அதுவும்தான்."

அவள் விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினாள். "நீங்களே போய்ச் சொல்லுங்கோ."

செருப்பைப் போட்டுக்கொண்டு கீழே இறங்கினேன்.