விசிடியில் ஒரு குரல்

போன சனிக்கிழமை ரானுயியில் அன்ரன் அண்ணை வீட்டுக்குப் போனேன். பென்ரோஸில் நானும் அவரும் ஒரே வெயார்ஹவுஸில் வேலை. படத் தட்டுகள் வந்து இறங்குகிற இடம்.

டிவிடி பெட்டி பெட்டியாக வந்த காலம் உண்டு. பிறகு புளூரே வந்தது. டிவிடி மூலைக்குப் போனது. பிறகு 4கே... புளூரேயும் மூலைக்குப் போனது. இப்போது எல்லாமே கொஞ்சம் கொஞ்சம்தான். சனம் நாளைக்கு எதைக் கேட்கும்? யாருக்குத் தெரியும். நாங்கள் தூக்குகிற ஆட்கள்.

அண்ணையின் மனைவி ரீட்டா அக்கா போன குளிர்காலத்தில் இறந்துவிட்டார். அவரின் குரலை ஒருதரம் கேட்க வேண்டும் — அண்ணைக்கு அது மட்டும்தான் ஆசை. போனில் இல்லையா என்று கேட்பீர்கள். இல்லை. அக்கா கூப்பிட்டுக் கதைப்பார், வைத்துவிடுவார். குரல் பதிந்து அனுப்புகிற பழக்கம் இல்லை. இருப்பது ஊரில், மன்னாரில் எடுத்த கலியாண விசிடி ஒன்றுதான்.

மகள் ஷெரின் பாசத்தில் ஒரு வேலை செய்திருந்தாள். அப்பாவுக்குப் புது 4கே பிளேயர் வாங்கினாள். பழையதை, பாவித்த சாமான் விற்கிற ஆப் ஷொப்பில் கொடுத்துவிட்டாள். புதியது பழைய தட்டை எல்லாம் வாசிக்கும் என்றுதானே யாரும் நினைப்போம்? டிவிடியை வாசித்தது. விசிடியைத் துப்பிவிட்டது.

அண்ணை அவளை ஒன்றும் சொல்லவில்லை. என்னிடம்தான் சொன்னார்.

இருவரும் அந்த ஆப் ஷொப்புக்குப் போனோம். பிளேயர் விற்றுப்போய்விட்டது. படிக்கிற பிள்ளைகள் இப்போது பழைய பிளேயரைத்தான் தேடி வந்து வாங்குகிறார்களாம். மேசைக்கடியில் வேறொரு பழையது கிடந்தது. எடுத்து வந்தோம்.

பெரிய டிவியில் படம் கலங்கலாக வந்தது.

"அப்பா, இட்ஸ் சோ பிளர்ரி" என்றாள் ஷெரின்.

"கொம்மாவைத் தெரியுதோ?"

"ம்."

"அப்ப காணும். எனக்கு அது போதும்."

புதுத் தட்டு ஒவ்வொன்றும் படத்தை இன்னும் தெளிவாக்கித்தான் வருகிறது. சனம் எதற்காகப் போட்டுப் பார்க்கிறது என்று யார் கேட்டார்கள்?

ஆனால் குரல் எங்கே? எங்கள் கலியாண வீடியோ உங்களுக்குத் தெரியும். தொடக்கம் முதல் கடைசி வரை சினிமாப் பாட்டு. மாதா கோயில் வாசலில் பாட்டு. மோதிரம் போடும்போது பாட்டு. சுவாமியார் சம்மதம் கேட்கிறார், அக்காவின் வாய் அசைகிறது... பாட்டுத்தான் கேட்கிறது.

"உந்த வீடியோக்காரன் என்ர மனுசியைப் பாட விட்டிட்டான்" என்றார் அண்ணை. சிரிக்கத்தான் சொன்னார். ஒருவரும் சிரிக்கவில்லை.

விருந்து வந்தது. ஒரு பாட்டு முடிந்தது. அடுத்ததைப் போட வீடியோக்காரர் கொஞ்சம் பிந்திவிட்டார் போல. அக்கா சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து நிமிர்ந்து கமராவைப் பார்த்தார்.

"தம்பி, உதை அங்கால கொண்டுபோங்கோ. எனக்குப் பசிக்குது."

உடனே பாட்டு.

ஷெரின் எழும்பிப் போய்ப் பின்னுக்கு ஓட்டினாள். திரும்பவும் போட்டாள். இன்னொரு தரம். பிறகு, வீட்டில் இங்கிலீஷ் தவிர வேறு கதைக்காத பிள்ளை, தமிழில் கேட்டாள்.

"அம்மாக்கு ஏன் பசி?"

"பூசைக்கெண்டு விடிய இருந்து ஒண்டும் சாப்பிடேல்லை."

அண்ணை டிவியைப் பார்த்தார். "சாப்பிடு ரீட்டா" என்றார்.

திரையில் அக்கா சாப்பிட்டார். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம்.